கையுறையும் கத்தரியும்: வாசகர் கேள்வி – பதில்

பகலில் சலூனில் கத்தரி, மாலையில் ரிங்கில் கையுறை என்று வாழ்ந்து, சுற்றுவட்டாரமே கொண்டாடிய குத்துச்சண்டை வீரர்கள் பலர் உண்டு. அப்படி ஒருவரைப் பற்றி நினைவு மலர் போட விரும்புகிறவர்களும், அவர் விட்டுச்சென்ற பொருள்களைக் காப்பாற்ற நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். சண்டைப் பதிவு, கை மருத்துவம், பழம்பொருள் பாதுகாப்பு, முடிதிருத்தும் தொழில் ஆகியவற்றில் பழகியவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் சலூன் வைத்திருந்த குத்துச்சண்டை வீரர் காலமாகிவிட்டார். 'நூறு சண்டை, ஒரு தோல்விகூட இல்லை' என்று எல்லாரும் சொல்கிறார்கள். நினைவு மலரில் அப்படியே போடலாமா?

சரிபார்க்காமல் போட வேண்டாம். இப்படிப்பட்ட எண்ணிக்கையில் பெரும்பாலும் வெவ்வேறு வகைச் சண்டைகள் ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கும். அமெச்சூர் போட்டி, தொழில்முறைச் சண்டை, வெற்றி தோல்வி அறிவிக்காத கண்காட்சிச் சண்டை, எதிராளி வராததால் கிடைத்த வாக்ஓவர், ஏன், ஜிம்மில் நடந்த ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டைகூட அதில் இருக்கலாம். அமெச்சூர் கணக்கும் தொழில்முறைக் கணக்கும் எப்போதும் தனித்தனியே எழுதப்பட வேண்டியவை.

ஒரு நோட்டில் எட்டுக் கட்டம் போடுங்கள்: தேதி, இடம், எதிராளி, எடைப் பிரிவு, நிர்ணயித்த ரவுண்டுகள், முடிவு, முடிந்த ரவுண்டு, ஆதாரம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளை மொத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சுவரொட்டியும் முன்னோட்டச் செய்தியும் ஆதாரம் ஆகாது. கடைசி நேரத்தில் எதிராளி மாறுவதும் சண்டையே ரத்தாவதும் இந்த விளையாட்டில் சாதாரணம். மறுநாள் பத்திரிகைச் செய்தி, சான்றிதழ், போட்டிப் பதிவுப் புத்தகம் இவைதான் உறுதியானவை. அமெச்சூர் வீரரின் பதிவுப் புத்தகம் கிடைத்தால் பெரும் பாக்கியம். ஒவ்வொரு போட்டியின் முடிவோடு மருத்துவரின் குறிப்பும் அதில் இருக்கும். பழைய அமெச்சூர் விதிப்படி நாக்அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏறக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை ஆனால் மூன்று மாதத் தடை, ஒரு வருடத்துக்குள் மூன்று முறை ஆனால் ஓராண்டுத் தடை. நாக்அவுட்டுக்குப் பத்தாம் நாளில் இன்னொரு போட்டி எழுதியிருந்தால் இரண்டில் ஒரு தேதி தவறாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

தேதி இல்லாத துண்டுச் செய்திக்கும் காலம் கணிக்க வழி உண்டு. மூன்று ரவுண்டு என்றால் பெரும்பாலும் அமெச்சூர். 6, 8, 10 ரவுண்டு என்றால் தொழில்முறை. மதிப்பெண் 14–9 என்பதுபோல் இருந்தால் அது கணினி முறை. ஒலிம்பிக்கில் அந்த முறை 1992 முதல் 2012 வரை இருந்தது. அதற்கு முந்தைய அமெச்சூர் போட்டிகளில் ஒரு ரவுண்டுக்கு 20 புள்ளி என்பதால் 60–58 என்று வரும். 30–27 என்றால், ஒவ்வொரு ரவுண்டிலும் வென்றவருக்குப் பத்துப் புள்ளி தரும் முறை. புகைப்படத்தில் தலைக்கவசம் இருந்தாலும் துப்புக் கிடைக்கும். ஒலிம்பிக்கில் தலைக்கவசம் கட்டாயமானது 1984-இல். ஆண்களுக்கு அது நீக்கப்பட்ட முதல் ஒலிம்பிக் 2016.

இணையத்தில் பாக்ஸ்ரெக் போன்ற பதிவேடுகளில் பெயர் இல்லையே என்று கலங்க வேண்டாம். அவை முதன்மையாகத் தொழில்முறைச் சண்டைகளுக்கானவை. கடைசியில் 23 சண்டைக்குத்தான் ஆதாரம் கிடைத்தது, அதில் 6 தோல்வி என்று தெரிந்தால், அப்படியே அச்சிடுங்கள். எதிராளியின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். தோற்ற சண்டையில் எட்டு ரவுண்டும் நின்றார் என்பது அவரைப் பற்றி எவ்வளவோ சொல்லும்.

கேள்வி: இரவில் குத்திய கையால் காலையில் சவரம் செய்வது எப்படி முடிந்தது? கை உடைந்திருக்காதா?

உடையும். எந்த எலும்பு என்பதுதான் முக்கியம். உள்ளங்கையில் ஐந்து எலும்புகள். ஆள்காட்டி, நடுவிரல் எலும்புகள் மணிக்கட்டோடு ஏறக்குறைய அசையாமல் பிணைந்திருக்கும். மோதிர விரல், சிறுவிரல் எலும்புகள் அடியில் கொஞ்சம் ஆடும். அதனால்தான் முதல் இரண்டு விரல் முட்டிகளால் குத்தச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அகலமாக வீசிய ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) எதிராளியின் மண்டையில் சிறுவிரல் பக்கம் பட்டால் அந்த எலும்பின் கழுத்து முறியும். மருத்துவத்தில் இதற்கே பாக்ஸர் எலும்புமுறிவு என்று பெயர். ஆனால் பயிற்சி பெற்றவர்களைவிடக் கோபத்தில் சுவரில் குத்துகிறவர்களுக்கே இது அதிகம். தேர்ந்த வீரர்களுக்கு வரும் தொல்லை வேறு: நடுவிரல் முட்டியின் மேல் நாணைப் பிடித்து வைக்கும் பட்டை கிழிவது, மணிக்கட்டு ஓரத்து மூட்டுகள் தளர்வது, கட்டைவிரல் அடித் தசைநார் அறுவது.

இனி கத்தரியைப் பாருங்கள். தொழில் கத்தரியில் மோதிர விரல் ஒரு வளையத்தில் அசையாமல் நிற்கும். சிறுவிரல் வால்போன்ற நீட்சியின் மேல் சும்மா படிந்திருக்கும். மற்ற வளையத்தில் இருக்கும் கட்டைவிரல் மட்டுமே வாயைத் திறந்து மூடும். சவரக் கத்தியிலும் அப்படித்தான். கட்டைவிரல் கீழிருந்து தாங்கும், மூன்று விரல் மேலிருந்து பிடிக்கும், சிறுவிரல் வாலில் இருக்கும். ஆகவே சிறுவிரல் எலும்பு முறிந்து மூன்று, நான்கு வாரத்தில் கூடிய பின் முட்டி உள்ளே அமுங்கிப்போனாலும், முடிதிருத்தும் வேலை பெரிதாகக் கெடாது. கட்டைவிரல் தசைநார் போனால் இரண்டு தொழிலும் போகும். பழைய படங்களில் அவர் முஷ்டி மடக்கி நிற்கும்போது சிறுவிரல் முட்டி தெரிகிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வரலாறு அங்கேயே இருக்கும்.

இரண்டு தொழிலும் செய்கிறவருக்குக் கைக்கட்டு உயிர்நாடி. வழக்கமான கட்டு 4.5 மீட்டர் நீளம், 5 செ.மீ. அகலம். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளில் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக இழுத்து, கட்டைவிரலைத் தனியே ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டி, மிச்சத்தை மணிக்கட்டில் முடிக்க வேண்டும். விரல்களை அகல விரித்துக்கொண்டு கட்ட வேண்டும். சுருக்கி வைத்துக் கட்டினால் முஷ்டி மடக்கும்போது இறுகி விரல் நுனி வெளுக்கும், மரத்துப்போகும். கட்டைவிரல் பூட்டை விட்டுவிடுவதுதான் அவசரத்தில் நடக்கும் தவறு. முடிதிருத்துநர் அதை மட்டும் விடவே கூடாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாள் முழுதும் கத்தரி பிடித்து முன்கை தளர்ந்திருக்கும் மாலையில் கனமான மூட்டையைக் குத்தினால், மோதும் கணத்தில் மணிக்கட்டு மடங்கிவிடும். எனவே கடை நாட்களில் அதிகாலை ஓட்டம், மாலையில் கால் நகர்வும் நிழல்சண்டையும். மூட்டைப் பயிற்சி கடை விடுமுறை நாளில் என்று பிரித்துக்கொள்வதே சரி. தோளுக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, வெட்டும்போது முழங்கை தோள் மட்டத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால்தான் மாலையில் கைகளை உயர்த்தி மறைப்பில் வைக்கத் தெம்பு மிஞ்சும். அவரிடம் முடிவெட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள்: சண்டைக்கு மறுநாள் கத்தரி மட்டும் பிடித்தாரா, சவரமும் செய்தாரா? அந்தப் பதிலில் அவர் கை தெரியும்.

கேள்வி: ஒரு படத்தில் வலது கை முன்னால் இருக்கிறது, இன்னொன்றில் இடது கை. அவர் இடக்கை வீரரா?

முதலில் படம் திருப்பி அச்சானதா என்று பாருங்கள். நெகட்டிவைத் தலைகீழ்ப் பக்கமாக வைத்து அச்சிட்டால் யாரும் சவுத்பா, அதாவது வலது கையை முன்னால் வைத்து நிற்கும் இடக்கை வீரர், ஆகிவிடுவார். பின்னணியில் எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லையென்றால் பக்கத்தில் நிற்கும் ஆண்களின் சட்டையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பொத்தான் அணிபவரின் வலப்பக்கம் இருக்கும். இடது மடிப்பு மேலே வரும். அது மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. பிறகு சலூனில் எடுத்த படத்தில் கத்தரி எந்தக் கையில் என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. இடக்கைக்காரரை வலக்கை நிலையில் நிற்கப் பழக்கிய பயிற்சியாளர்கள் பலர் உண்டு. அப்படிப்பட்டவர் முன்னால் வைத்திருக்கும் இடது கையின் ஜாபும் (நேராக நீட்டும் குத்து) ஹூக்கும் கடுமையாக இருக்கும். அவருடைய கத்தரி கிடைத்தால் இன்னும் நல்லது: இடக்கைக் கத்தரியில் அலகுகள் எதிர்ப்புறமாகப் படிந்திருக்கும்.

கேள்வி: கடையில் சவரக் காயத்துக்கு வைக்கும் படிகாரத்தையே ரிங்கில் புருவக் காயத்துக்கும் வைத்ததாகச் சொல்கிறார்கள். அது சரியான வைத்தியமா?

இல்லை. சவரத்தில் கசிவது நுண்குழாய் ரத்தம். தோலைச் சுருக்கும் படிகாரம் அதற்குப் போதும். புருவக் காயம், தோல் எலும்பு விளிம்பில் நசுங்கிப் பிளப்பதால் வருவது. ஆழமானது, துடித்துப் பெருகும். அங்கே வேலை செய்வது அழுத்தம்தான். ரவுண்டுகளுக்கு நடுவே ஓய்வு 60 வினாடி. வீரர் வந்து உட்காருவதும், எச்சரிக்கை ஒலி கேட்டதும் வெளியேறுவதும் போக ஏறக்குறைய 40 வினாடிதான் கையில் இருக்கும். தொழில்முறையில் காயம் பார்ப்பவர் முதலில் துடைத்து, 1:1000 அட்ரினலின் நனைத்த பஞ்சுக் குச்சியைக் காயத்துக்குள் வைத்து விடாமல் அழுத்தி, கடைசியில் வாஸ்லின் பூசி அனுப்புவார். இடையிடையே எடுத்துப் பார்ப்பதுதான் பெரும் தவறு, உறையத் தொடங்கியது மீண்டும் திறந்துகொள்ளும். மோன்செல் கரைசல் என்ற இரும்பு உப்புக் கரைசல் ஒரு காலத்தில் புழங்கியது. திசுவைச் சுட்டுக் கருப்பாக்கி வடுவைக் கெட்டியாக்கும் என்பதால் அது விலக்கப்பட்டது. ஆகவே மலரில் படிகாரக் கதையைப் போடுங்கள், அக்காலப் பழக்கம் என்று சொல்லிப் போடுங்கள், செய்முறையாக எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: சண்டைக்கு முன் அவரே எல்லா வீரர்களுக்கும் சவரம் செய்வாராம். கட்டாயமா?

அமெச்சூரில் கட்டாயமாக இருந்தது. தாடி காயத்தை மறைக்கும், எதிராளியின் தோலை உரசும் என்பது காரணம். பன்னாட்டு அமெச்சூர் சங்கம் தாடித் தடையை நீக்கியது 2018-இல். முந்தின நாளே சவரம் செய்வது நல்லது. அன்றே செய்தால் உரசிய தோலில் வியர்வை எரியும், கையுறைத் தோல் பட்டதும் சிவந்து தடிக்கும்.

கேள்வி: அவருடைய பழைய கையுறைகள் விறைத்துப்போய்விட்டன. எண்ணெய் தடவலாமா?

வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடிக்கும், தோலைக் கருக்கும், பூஞ்சைக்கு வழிவிடும். விறைப்பும் முழுதாகப் போகாது. மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். உள்ளே அமிலமில்லாத மெல்லிய தாளைச் சுருட்டி, வடிவம் நிற்கும் அளவுக்கு மட்டும் அடையுங்கள்; திணித்தால் தையல் விடும். ஈரப்பதம் 45–55 விழுக்காடு, நேர்வெயில் படாத இடம், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி. பிளாஸ்டிக் பை வேண்டாம். தொட்டால் செந்தூள் கையில் ஒட்டினால் தோல் உதிரத் தொடங்கிவிட்டது. அதற்கு மேல் துடைக்காமல் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். பூஞ்சை தெரிந்தால் உடனே மற்ற பொருள்களிலிருந்து பிரித்து, உலர விட்டு, முகமூடி அணிந்து வெளியில் வைத்துத் துலக்குங்கள். பழைய கையுறையில் குதிரைமுடி அடைப்பு இருக்கலாம், பிரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். நினைவு நாளில் சிறுவர்கள் கையில் மாட்டிப் படம் எடுப்பதையும் அனுமதிக்காதீர்கள். அடைப்பு நொறுங்குவது அப்போதுதான்.

கேள்வி: சவரக் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்தோம். ஆறு மாதத்தில் மீண்டும் துரு. ஏன்?

பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். கட்டைவிரலால் வேகமாகத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அதுவேதான். சூடான ஊசி வைத்துச் சோதிக்க வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. வயதான செல்லுலாய்டு அமில ஆவியை விடும். மூடிய பெட்டியில் அந்த ஆவி தங்கி, பிடிக்குள் மடங்கியிருக்கும் அலகை அரிக்கும். பக்கத்தில் உள்ள பதக்கத்தையும் விடாது. பிடி மஞ்சளித்து, மயிரிழை வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. கத்தியை விரித்த நிலையில், காற்றுப் படும்படி, தனியே வையுங்கள். துருவை மிக நுண்ணிய எஃகுக் கம்பளியும் மெல்லிய எண்ணெயும் கொண்டு மெதுவாக எடுக்கலாம். எழுத்துப் பொறித்த பகுதியைத் தொடாதீர்கள். சாணை பிடிக்கவே கூடாது. முதுகில் தேய்ந்த பட்டையின் அகலமும் அலகின் வளைவும் அவர் கல்லில் எப்படித் தீட்டினார் என்பதன் தடயங்கள். ஒரு தடவை சாணைக்குப் போனால் அவை அழிந்துவிடும்.

கேள்வி: 8 மி.மீ. படச்சுருளை டிஜிட்டலாக்கினோம். குத்துகள் நம்ப முடியாத வேகத்தில் இருக்கின்றன. அவ்வளவு வேகமானவரா?

வேகமானவராக இருக்கலாம், ஆனால் படம் ஓடும் வேகத்தைச் சரிபாருங்கள். சாதாரண 8 மி.மீ. வினாடிக்கு 16 சட்டம் (பிரேம்), சூப்பர் 8 என்றால் 18. அதை 24-இல் ஓட்டினால் மூன்று நிமிட ரவுண்டு, சாதாரண 8-இல் 2 நிமிடமாகவும் சூப்பர் 8-இல் 2 நிமிடம் 15 வினாடியாகவும் சுருங்கும். ரவுண்டு தொடங்குவதிலிருந்து முடிவது வரை அளந்தால் போதும். ஆனால் 50 அடிச் சுருள் ஏறக்குறைய மூன்று, நான்கு நிமிடம்தான் ஓடும். விசைமுடுக்குக் கேமராவை இடையிடையே முடுக்க வேண்டும். முழு ரவுண்டு ஒரே ஓட்டமாகக் கிடைப்பது அரிது. அப்போது யாராவது விழுந்த காட்சியில் நடுவரின் விரல் எண்ணிக்கையைப் பாருங்கள். எட்டு எண்ண ஐந்தரை வினாடிதான் ஆகிறது என்றால் படம் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடுகிறது. சுருளில் காடி நெடி வந்தால் புரொஜெக்டரில் மாட்டாதீர்கள். அடிப்படலம் சுருங்கியிருக்கும், பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும்.

கேள்வி: கடைசிக் காலத்தில் அவர் கை நடுங்கியது. குத்து வாங்கியதால்தான் என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. தொடர் அடியால் வரும் மூளைப் பாதிப்பை 1928-இல் ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் விவரித்தார். இன்று சி.டி.இ. என்று சொல்லப்படும் அந்தப் பாதிப்பை, இறந்தபின் மூளைத் திசுவைப் பார்த்தே உறுதிசெய்ய முடியும். நடுக்கத்துக்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஓய்வாக மடியில் வைத்திருக்கும்போது நடுங்குவது பார்க்கின்சன் பக்கம் காட்டும்; கத்தரியைத் தூக்கும்போது நடுங்குவது, குடும்பவழி வரும் சாதாரண நடுக்கமாகவும் இருக்கலாம். மருத்துவர் சொன்னதைக் குடும்பத்தார் ஒப்புக்கொண்டால் மட்டும் போடுங்கள். 'அடிவாங்கி மந்தமானவர்' என்ற தொனி எந்த வரியிலும் வரக் கூடாது. அவரை நேசித்தவர்கள் படிக்கப்போகும் மலர் அது.

கேள்வி: வாடிக்கையாளர்களிடம் நினைவுகளைப் பதிவுசெய்ய ஆரம்பித்தோம். எல்லாரும் ஒரே கதையைச் சொல்கிறார்கள்.

கூட்டமாக உட்காரவைத்தால் அப்படித்தான். முதலில் பேசுகிறவரின் கதை எல்லாருடையதாகிவிடும். தனித்தனியே, ஒருவருக்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள். 'எப்படிப்பட்ட மனிதர்?' என்று கேட்டால் 'தங்கமானவர்' என்ற பதிலோடு நின்றுவிடும். கையில் ஒரு படத்தையோ பழைய சீப்பையோ கொடுத்து, சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதலில் பிடரியா, காதோரமா? சிறுவர்களுக்கு நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகை போட்டாரா? தோற்ற மறுநாள் கடை திறந்ததா? கண்ணாடி ஓரத்தில் என்ன படம் ஒட்டியிருந்தது? ரிங்கில் அவரோடு மோதியவர்கள் உயிரோடு இருந்தால் முதலில் அவர்களிடம் போங்கள். வாடிக்கையாளர்களுக்கு அவர் முகம் தெரியும். அவர் இடது கை எங்கிருந்து வரும் என்பது மோதியவர்களுக்குத்தான் தெரியும். மின்விசிறியை அணைத்து, போனை முகத்திலிருந்து ஓரடியில் வைத்து, சுருக்காத ஒலிக்கோப்பாகப் பதியுங்கள். மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

கேள்வி: நினைவுப் போட்டி தொடங்கும் முன் என்ன மரியாதை செய்வது?

குத்துச்சண்டை உலகின் மரபு பத்து மணியோசை. எல்லாரும் எழுந்து நிற்க, நேரக் காப்பாளர் ரிங் மணியைப் பத்து முறை அடிப்பார். ஓர் ஒலி அடங்கியபின் அடுத்ததை அடிக்க வேண்டும். பெயரை முன்பே அறிவித்துவிடுங்கள். நடுவில் ஒலிபெருக்கிப் பேச்சு வேண்டாம்.

கேள்வி: அவருடைய சலூன் நாற்காலியை நூலகத்தில் வைக்கிறோம். உட்கார்ந்தால் மெல்ல இறங்குகிறது. பெயின்ட் அடித்துப் புதிதாக்கவும் யோசனை.

பெயின்ட் யோசனையை விட்டுவிடுங்கள். கைப்பிடியில் தேய்ந்த இடமும் கால்தாங்கியில் உதிர்ந்த பூச்சும் அவர் கடையின் அடையாளம். கால்தாங்கியிலோ அடித்தட்டிலோ தயாரிப்பாளர் பெயர் வார்க்கப்பட்டிருக்கும். அதைச் சோப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துப் படமெடுத்தால் காலம் கணிக்க உதவும்.

மெல்ல இறங்குவதற்கு இரண்டு காரணம்: எண்ணெய் குறைவு, அல்லது உள்ளே ரப்பர் அடைப்பு தேய்ந்து கசிவது. மிதியைப் பல முறை அழுத்தினாலும் கடைசி உயரம் எட்டவில்லை என்றால் எண்ணெய் குறைவு. முழு உயரம் எட்டி, பிறகு யாரும் தொடாமலே இறங்கினால் அடைப்பு. எண்ணெய் ஊற்றும்போது இருக்கை முழுக்கக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே தூக்கிய நிலையில் நிரப்பினால் இறக்கும்போது வழிந்து தரையெல்லாம் ஆகும். ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் போதும். பிரேக் எண்ணெய் ஊற்றினால் பழைய ரப்பர் உப்பி அழியும். நூலகத்தில் யாரும் உட்காரப்போவதில்லை என்றால் பழுதுபார்க்கவே தேவையில்லை. இருக்கையை முழுக்க இறக்கி, எண்ணெயை வடித்துவிட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து நிறுத்துங்கள்.